புகைக்கு விலை யார் கொடுப்பது?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிடித்த மழை மறுநாள் சனிக்கிழமையும் விடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது என்று அரசாங்க அதிகாரிகள் பிறகு கணக்குச் சொன்னார்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் முதலில் கால்வாயை நிரப்பியது. அடுத்துச் சாலைக்கு வந்தது. அதன்பின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. பல வீடுகளில் கீழ்த்தளமே மூழ்கியது. மாடிக்கும் கூரைக்கும் ஏறிய மக்கள், கைத்தொலைபேசியில் மின்சக்தி தீரும் வரை உதவி கேட்டபடி இருந்தார்கள். சொந்தப் படகு வைத்திருந்தவர்கள், மீனவர்கள், பொது இயக்கத்தினர், கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் சோறு பொங்கியவர்கள் என்று முகம் தெரியாத பலர் ஓடி வந்து கைகொடுத்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு தாமான் சாலைகளின் இரு பக்கமும் ஒரு காட்சி. மெத்தை, நாற்காலி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், சாமிப் படம். எல்லாம் சேறு பூசிய குவியலாகக் கிடந்தன. ஒரு குடும்பம் பதினைந்து, இருபது ஆண்டுகளாகத் தவணை கட்டிச் சேர்த்த பொருள்கள் குப்பை லோரிக்குப் போயின.

அந்த வெள்ளத்துக்கு ஒரு விலைப்பட்டியலும் வந்தது. மலேசியப் புள்ளிவிவரத் துறை 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அதை வெளியிட்டது. மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. பொதுச் சொத்துகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் ஏற்பட்ட சேதம் 200 கோடி. வீடுகளுக்கு 160 கோடி. வாகனங்களுக்கு 100 கோடி. தொழிற்சாலைகளுக்கு 90 கோடி. வணிக இடங்களுக்கு 50 கோடி. விவசாயத்துக்கு 9 கோடிக்குச் சற்று மேல். மொத்தத்தில் ஏறக்குறைய பாதி சிலாங்கூர் மாநிலத்தின் பங்கு. 70,000-க்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிருக்கு அந்தப் பட்டியலில் விலை இல்லை. அதற்கு விலை போடவும் முடியாது.

இன்றைய உரையின் கேள்வி இதுதான். இந்த 610 கோடியை யார் கொடுத்தார்கள்? யார் கொடுத்திருக்க வேண்டும்?

மழைக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளம் மலேசியாவுக்குப் புதிதல்ல. 1971-இல் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்கள் நனையும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 2021-இல் நடந்தது வேறு. தென்சீனக் கடல் பக்கமிருந்து வந்த ஒரு தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்கு மழையைக் கொண்டு வந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் பருவமழைக்கு முன்பே அரிசியும் படகும் தயாராக வைத்திருப்பார்கள். மேற்குக் கரையில் அப்படி ஒரு பழக்கமே இல்லை.

அந்த ஒரு மழையை மட்டும் தனியாக எடுத்து, இது முழுக்க முழுக்கக் கரியமில வாயுவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது நேர்மையும் ஆகாது. தாழ்வான நிலத்தில் வீட்டுமனை போட்டது, குறுகிய கால்வாய், குளமாக இருந்த இடத்தில் கட்டடம் எழுந்தது, எச்சரிக்கை தாமதமாக வந்தது ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் இயற்கை விதி ஒன்று இருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்க முடியும். சூடான காற்று பெரிய வாளியைப் போன்றது. கவிழும்போது அதிகமாகக் கொட்டும். மழை நாள்களின் எண்ணிக்கை கூடாமலே போகலாம். ஆனால் பெய்யும் மழை பேய் மழையாகப் பெய்யும்.

காற்று ஏன் சூடாகிறது? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தால் கரியமில வாயு வெளியாகிறது. பூமியிலிருந்து திரும்பிப் போக வேண்டிய வெப்பத்தை அது போர்வை போல் தடுத்து வைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு இருந்த இந்த வாயு, 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315 பங்கை ஒட்டி இருந்தது. 2024-இல் அது 420 பங்கையும் தாண்டிவிட்டது. அதே 2024, வெப்பநிலைப் பதிவுகள் தொடங்கியதிலிருந்து மிகவும் சூடான ஆண்டாகவும், தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைவிட 1.5 பாகை தாண்டிய முதல் ஆண்டாகவும் உலக வானிலை அமைப்பால் அறிவிக்கப்பட்டது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதனால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 40 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகிற கார், அது காலியாகும்போது 90 கிலோவுக்கு மேல் காற்றில் விட்டிருக்கும். வளர்ந்த ஓர் ஆளின் எடையை விட அதிகம். அந்த 90 கிலோவும் தெருவில் மூட்டையாக விழுந்து கிடந்தால், மக்கள் மறுநாளே நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுத்திருப்பார்கள்.

விலைச்சீட்டில் இல்லாத விலை

ஒட்டுக்கடைக்காரர் ஒருவர் பொரித்த எண்ணெயைத் தினமும் பின்பக்கக் கால்வாயில் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அதனால் செலவு இல்லை. கழிவை முறையாக அகற்றும் செலவு மிச்சம். அதனால் பலகாரத்தையும் மலிவாக விற்கிறார். ஆனால் கால்வாய் அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தண்ணீர் ஏறுகிறது. அந்த வீட்டுக்காரர் பலகாரம் வாங்கியவர்கூட இல்லை. ஆனாலும் பலகாரத்தின் விலையில் ஒரு பகுதியை அவர்தான் கட்டுகிறார்.

ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1920-இல் எழுதிய நூலில் இந்த அநியாயத்துக்கு ஒரு வழி சொன்னார். பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தின் அளவுக்கு ஒரு வரியைப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பதே அது. அப்போது விற்பவரும் வாங்குபவரும் உண்மையான விலையைப் பார்ப்பார்கள். இன்று உலக நாடுகள் பேசுகின்ற கார்பன் வரி என்பது அந்த நூறாண்டுக் கருத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

2006-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் என்ற பொருளியலாளர் ஓர் அறிக்கை கொடுத்தார். ஒன்றும் செய்யாமல் இருந்தால், பருவநிலை மாற்றத்தால் உலகம் ஆண்டுதோறும் தன் வருமானத்தில் குறைந்தது 5 விழுக்காட்டை இழப்பதற்குச் சமமான பாதிப்பு ஏற்படும் என்றும், எல்லா ஆபத்துகளையும் சேர்த்தால் அது 20 விழுக்காடு வரை போகும் என்றும் அவர் கணக்கிட்டார். தடுப்பதற்கு ஆகும் செலவோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்றார். அந்தக் கணக்கைப் பற்றிப் பொருளியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் வருமுன் காப்பதே மலிவு என்ற அதன் அடிப்படையை மறுப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். அந்த அறிக்கை வந்த இரண்டு மாதத்தில், 2006 டிசம்பரிலும் மறுபடி 2007 ஜனவரியிலும் ஜொகூர் மாநிலம் பெருவெள்ளத்தில் தத்தளித்தது. கோத்தா திங்கி மக்கள் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் இரண்டாவது வெள்ளம் வந்தது.

2021 வெள்ளம் ஒருமுறை வந்து போனது என்று எண்ணிவிட வேண்டாம். புள்ளிவிவரத் துறை அதன் பிறகும் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கிறது. 2022-இல் 62 கோடி வெள்ளி. 2023-இல் 75 கோடி. 2024-இல் 93 கோடி. இழப்பு 2021 அளவை எட்டாத ஆண்டுகளிலேயே இந்த நிலை.

யார் கட்டினார்கள்?

2021 வெள்ளத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவர்களுக்கு அரசாங்கம் ஆயிரம் வெள்ளி உதவித்தொகை கொடுத்தது. பிற உதவிகளும் அறிவிக்கப்பட்டன. கைகொடுத்ததை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆயிரம் வெள்ளியில் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கலாம். ஒரு வீட்டை மீண்டும் வீடாக்க முடியாது.

காருக்குக் காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியிருந்தவர்களில் பலர் அப்போதுதான் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். முழுமையான காப்புறுதி என்று பெயர் இருந்தாலும், வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கூடுதல் சந்தா கட்டியிருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். கட்டாதவர்கள் கார் கடனையும் தொடர்ந்து கட்டி, பழுதுபார்க்கும் பட்டறைக்கும் கட்டினார்கள்.

ஆக, அந்த விலையின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் தாழ்வான இடத்தில் மலிவு வீடு வாங்கிய தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள். அவர்களில் பலர் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள். காற்றில் விட்ட புகையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு. கட்டிய விலையில் அவர்கள் பங்கு மிக அதிகம். புகை ஒருவருடையது, சேறு மற்றொருவருடையது என்பதுதான் இந்தக் கணக்கின் அநியாயம்.

வெள்ளம் மட்டுமா? ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். மழை பெய்த காலையில் மரம் சீவ முடியாது. மரம் சீவாத நாளில் கூலி கிடையாது. பருவநிலையின் விலையை நாள் கூலியில் கட்டுவது எப்படி என்பதை அந்தத் தலைமுறை நன்றாக அறியும். இன்று கட்டுமானத் தளத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் உச்சி வெயிலில் வேலை செய்பவர்கள் அதையே வேறு விதமாகக் கட்டுகிறார்கள். வெயில் ஏற ஏற வேலை வேகம் குறையும். வேலை குறைந்தால் சம்பளமும் குறையும். கேமரன் மலையில் மழை அதிகமானால் சந்தையில் காய்கறி விலை ஏறுவதை இல்லத்தரசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்ணுக்குள் புதைந்த கணக்கு

கார்பன் என்றதும் கார்களும் தொழிற்சாலைகளும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இந்த வட்டாரத்தில் இன்னொரு பெரிய ஊற்று மண்ணுக்குள் இருக்கிறது. அதுதான் கரிச்சதுப்பு நிலம். விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்குள் மக்காமல், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் படிந்து படிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானது. கால்வாய் வெட்டி அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் மண் காய்கிறது, அமிழ்கிறது, ஒரு தீப்பொறி பட்டால் அடியோடு எரிகிறது. மேலே தண்ணீர் ஊற்றினாலும் கீழே கனன்றுகொண்டே இருக்கும்.

2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. 2015-இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டர் நிலம் எரிந்தது. அந்த நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே மாநிலத்தைத் திரும்பக் கட்டியெழுப்ப ஆன செலவைப் போல் அது இரண்டு மடங்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூடிய பள்ளிக்கூடம், ஆஸ்துமாவால் மருத்துவமனைக்குப் போன குழந்தை, தள்ளிப்போன விமானம் ஆகியவை அந்தக் கணக்கில் சேரவில்லை.

நிலத்தைத் தீயிட்டுத் துப்புரவு செய்தால் மலிவு என்று ஒருவர் நினைத்தார். அந்த மலிவை மூன்று நாட்டு மக்கள் மூச்சால் கட்டினார்கள்.

மானியம் என்ற மறுபக்கம்

இனி, சற்றுக் கசப்பான பேச்சு. கார்பனுக்கு விலை வைக்க வேண்டும் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, மலேசியா பல்லாண்டுக் காலம் எதிர்த் திசையில் போனது. எரிப்பதற்கு விலை வைக்காதது மட்டுமல்ல. எரிப்பதற்குப் பணமும் கொடுத்தது. 2022-ஆம் ஆண்டில் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு மானியத்துக்கு அரசாங்கம் செலவிட்டது 5,000 கோடி வெள்ளிக்கு மேல். 2021 வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஓராண்டு மானியத்தில் எட்டு வெள்ளச் சேதங்களை ஈடுகட்டியிருக்கலாம்.

அந்த மானியம் ஏழைக்குத்தானே போனது என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 20 லிட்டர் போடுகிறவருக்கு ஒரு பங்கு மானியம் கிடைத்தால், இரண்டு பெரிய கார்களுக்கு 200 லிட்டர் போடுகிறவருக்குப் பத்துப் பங்கு கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே விலை என்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அதிகம் எரிப்பவருக்கு அதிகப் பரிசு.

இதை அரசாங்கமும் உணர்ந்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95 பெட்ரோலுக்கு, குடிமக்கள் மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்ற விலையில் பெறும் இலக்கு மானியம் நடப்புக்கு வந்தது. வரம்பே இல்லாமல் இருந்ததற்கு வரம்பு வந்தது ஒரு படி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

சுவீடன் 1991-லேயே கார்பன் வரியைக் கொண்டு வந்தது. அதன் பொருளாதாரம் வளர்ந்தது, புகை குறைந்தது. பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் 2019-இல் ஒரு டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி என்று சிறியதாகத் தொடங்கியது. 2024-இல் 25 வெள்ளி. 2026-இல் 45 வெள்ளி. அடுத்த விலை என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் தொழிற்சாலைகளுக்குத் திட்டமிட நேரம் கிடைத்தது. கடல்மட்ட உயர்விலிருந்து தீவைக் காக்க நூறாண்டுகளில் 10,000 கோடி வெள்ளி செலவாகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அவர்கள் இப்போதே உண்டியலில் காசு போடத் தொடங்கிவிட்டார்கள்.

கனடாவின் கதை எச்சரிக்கையாக இருக்கட்டும். அங்கே 2019-இல் எரிபொருளுக்குக் கார்பன் கட்டணம் வந்தது. வசூலான பணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் எண்ணெய் நிலையத்தில் ஏறிய விலை கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு, வங்கிக் கணக்கில் வந்த பணம் கருத்தில் பதியவில்லை. எதிர்ப்பு வலுத்து, 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்தக் கட்டணம் பொதுமக்களுக்கு நீக்கப்பட்டது. மக்களுக்குப் புரியவைக்காத நல்ல திட்டமும் தோற்றுப்போகும் என்பதே அதன் பாடம்.

மலேசியாவிலும் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கார்பன் வரி கொண்டுவரப்படும் என்று 2024 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஏன் முதலில் இரும்பு? ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையிலேயே கார்பன் கட்டணம் வசூலிக்கும் முறையை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்றவை அதில் அடங்கும். ஒரு பொருள் உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால், அங்கே கழித்துக்கொள்வார்கள். இங்கே வசூலிக்காவிட்டால் அதே பணம் ஐரோப்பாவின் பெட்டிக்குப் போகும். ஷா ஆலமில் கால்வாய் வெட்ட உதவக்கூடிய பணம் பிரசல்ஸ் போய்ச் சேருவதில் யாருக்கு லாபம்?

சில கேள்விகளும் பதில்களும்

"மலேசியா சிறிய நாடு. உலகத்தின் புகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. இங்கே குறைத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. மொத்தக் கணக்கில் அது சரி. ஆனால் தலைக்கணக்குப் பார்த்தால், மலேசியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் கரியமில வாயு வருகிறது. உலக சராசரி 5 டன்னை எட்டவில்லை. இந்தியாவில் 2 டன்னை ஒட்டியே இருக்கிறது. ஊர்ப் பொதுக் கிணற்றில் இரண்டு வாளி அதிகமாக இறைக்கிறவர், "என் வீடு சின்ன வீடு" என்று சொல்லித் தப்ப முடியாது.

"வளர்ந்த நாடுகள்தானே இருநூறு ஆண்டுகளாக எரித்தன? அவர்கள் கட்டட்டும்" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. அதனால்தான் 2022-இல் எகிப்தில் நடந்த ஐக்கிய நாட்டுப் பருவநிலை மாநாட்டில் இழப்பு, சேத நிதி ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு துபாயில் அது தொடங்கப்பட்டது. ஆனால் அந்த நிதியில் சேர்ந்த தொகை தேவையோடு ஒப்பிட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அது வரும் வரை கால்வாயைத் தூர்வாராமல் காத்திருக்க முடியாது.

மூன்றாவது கேள்வி, "வரி போட்டால் மின்கட்டணம் ஏறுமே, ஏழை என்ன செய்வான்?" என்பது. இதுதான் முக்கியமான கேள்வி. தீபகற்பத்தில் கிடைக்கும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது. கிள்ளானுக்கு அருகில் காப்பார், பேராக்கில் மஞ்சோங், நெகிரி செம்பிலானில் ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் ஆகிய இடங்களுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்குமதியாகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பேச்சுக்கு, டன்னுக்கு 15 வெள்ளி வரி போட்டு, அது முழுவதும் பயனீட்டாளர் தலையில் விழுந்தால், ஒரு யூனிட்டுக்கு ஒரு காசுக்குச் சற்று மேல் ஏறும். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு நாலரை வெள்ளி. வசதி உள்ளவருக்கு அது ஒரு கோப்பைக் காப்பியின் விலை. மாதக் கடைசியில் சில்லறையை எண்ணுகிற தாய்க்கு அது காசுதான். ஆகவே வசூலாகும் வரி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நேராகத் திரும்பி வர வேண்டும். மிச்சம், நீரேற்று நிலையத்துக்கும் வெள்ளத் தடுப்புக் குளத்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் போக வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். இவை இல்லாத கார்பன் வரி, ஏழை மீது விழும் இன்னொரு வரியாகவே முடியும்.

என்ன செய்யலாம்?

நல்ல செய்திகளும் இருக்கின்றன. புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்று மலேசியா முடிவெடுத்திருக்கிறது. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்ற இலக்கு 2023-இல் அறிவிக்கப்பட்டது. பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பில், நூறாண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. அந்த அலையாத்தி மரங்கள் கார்பனை மண்ணுக்குள் பூட்டி வைக்கின்றன. கடல் அலையைத் தடுக்கின்றன. மீனுக்கும் இறாலுக்கும் தாய்வீடாக இருக்கின்றன. இயற்கையைக் காப்பாற்றினால் பிழைப்பு போய்விடும் என்பவர்களுக்குக் கோல செப்பெத்தாங் பதில் சொல்லும்.

பொதுமக்கள் செய்யக் கூடியவையும் உண்டு. வீடு வாங்கும் முன், சமையலறை அழகையும் பள்ளிக்கூடத் தூரத்தையும் பார்ப்பதுபோல், அந்த இடம் முன்பு வெள்ளத்தில் மூழ்கியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்குப் போய், நீரேற்று இயந்திரம் வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வீடு தேடி வருகிறவரிடம், "மானியம் கொடுப்பீர்களா?" என்பதோடு, "வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். விளக்கை அணைப்பதும் பேருந்தில் போவதும் நல்ல பழக்கங்கள். ஆனால் அவற்றால் மட்டும் தீராத பிரச்சினை இது. விலையை மாற்றும் அதிகாரம் உள்ளவர்களைக் கேள்வி கேட்பதும் குடிமக்களின் கடமை.

வள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். மழையைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்து வணங்கிய மரபு இது. அந்த மரபில் வந்தவர்கள், இன்று மேகம் கறுத்தால் காரை மேட்டுக்கு ஓட்டிப் போய் நிறுத்துகிறார்கள். பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் மட்டுமல்ல, ஆற்றோரத்தில் இருக்கும் எத்தனையோ தாமான்களில் பிள்ளைகள் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறார்கள் என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள்.

புகைக்கு விலை இல்லை என்பது ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை. அது எப்போதும் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. சேறாகவும் இருமலாகவும் ஏறிய காய்கறி விலையாகவும். கேள்வி ஒன்றுதான். அந்த விலையை எரிப்பவரிடம் முன்கூட்டியே, அளவோடு, ரசீது கொடுத்து வாங்குவதா? அல்லது தாழ்வான வீட்டில் இருப்பவரிடம், நடுராத்திரியில், ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொள்வதா?

மேகத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.